தொண்டையின் ஆழத்தில் கட்டி: கழுத்து வழியா, வாய் வழியா, தாடையைப் பிளந்தா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. பள்ளி ஆசிரியர். பல் வலிக்காகச் சென்றபோது, வலப்பக்க டான்சிலும் அதற்கு மேலுள்ள அண்ணமும் உள்நோக்கிப் புடைத்திருப்பதைப் பல் மருத்துவர் கவனித்துச் சொன்னார். அவருக்கு வலி எதுவும் இல்லை. வலது காது மட்டும் சில மாதங்களாக அடைத்தாற்போல் இருப்பதாகச் சொல்கிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தொண்டைச் சுவருக்கு வெளிப்புறம் சுமார் 5 செ.மீ. அளவில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசிப் பரிசோதனையில் ‘பிளியோமார்ஃபிக் அடினோமா’ என்றும் புற்றுநோய் அணுக்கள் இல்லை என்றும் வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் கழுத்தில் கீறி எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர் ரோபோ மூலம் வாய் வழியாகவே, தழும்பு இல்லாமல் எடுக்கலாம் என்கிறார். மூன்றாமவர், தேவைப்பட்டால் தாடை எலும்பை அறுக்க நேரலாம் என்று சொல்லி எங்களைப் பயமுறுத்திவிட்டார். எது சிறந்தது? அவருடைய குரல் போய்விடுமா? சில ஆண்டுகள் தள்ளிப்போடலாமா? இரண்டு அறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பிய இரண்டு அறிக்கைகளையும் படித்தேன். படங்களை நேரில் பார்க்காமலும், உங்கள் கணவர் வாயை எவ்வளவு திறக்கிறார் என்று சோதிக்காமலும், இதைத்தான் செய்ய வேண்டும் என்று முடிவாகச் சொல்ல என்னால் இயலாது. ஆயினும் மூன்று வழிகளில் எது எதற்காக, எந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதை விளக்க முடியும். அவருடைய அறிக்கையில் உள்ள விவரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதையும் சொல்கிறேன். மூவர் மூன்று விதமாகச் சொன்னதால் இருவர் தவறாகத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். எந்த ஆபத்தை முதலில் தவிர்க்க வேண்டும் என்பதில்தான் அவர்கள் வேறுபடுகிறார்கள்.

கட்டி இருக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். டான்சிலுக்கு வெளிப்புறம், தொண்டைத் தசைக்கும் கீழ்த்தாடை எலும்புக்கும் நடுவே, கபாலத்தின் அடித்தளத்திலிருந்து கழுத்தில் ஹையாய்டு எலும்பு வரை மேலே அகன்றும் கீழே குறுகியும் இறங்கும் ஓர் இடைவெளி இருக்கிறது. மருத்துவர்கள் இதைப் பாராஃபாரிஞ்சியல் இடைவெளி என்கிறார்கள். காதுக்குக் கீழே ஊசிபோல் நீண்டிருக்கும் ஸ்டைலாய்டு எலும்பும் அதனோடு ஒட்டிய படலமும் இதை முன்னறை, பின்னறை என இரண்டாகப் பிரிக்கின்றன. முன்னறையில் பெரும்பாலும் கொழுப்பும், காதோரம் உள்ள பரோட்டிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பியின் ஆழ்ந்த பகுதியும் இருக்கும். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் உள் கரோட்டிட் தமனி, ஜுகுலர் சிரை, குரலுக்கும் விழுங்குதலுக்கும் நாக்கின் அசைவுக்கும் பொறுப்பான நரம்புகள் ஆகிய எல்லாம் பின்னறையில் நெருக்கமாக ஓடுகின்றன. தலை, கழுத்துப் பகுதியில் வரும் கட்டிகளில் 100-க்கு ஒன்றுகூட இந்த இடைவெளியில் வருவதில்லை; வருபவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம் புற்றுநோய் அல்லாதவை. கட்டி சுமார் 3 செ.மீ. அளவுக்கு வளரும் வரை வெளியே எதுவும் தெரிவதில்லை. எனவே உங்கள் கணவர் இத்தனை நாள் கவனிக்கவில்லை என்று அவரையோ உங்களையோ நொந்துகொள்ள வேண்டாம். காதடைப்புக்கும் காரணம் இதுவாக இருக்கலாம்: மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் இந்த இடைவெளியை ஒட்டியே போகிறது, கட்டி அதை அழுத்தினால் காதுக்குள் நீர் தேங்கும்.

இப்போது உங்கள் ஸ்கேன் அறிக்கையில் நான் இரண்டு முறை படித்த வரிக்கு வருகிறேன். ‘கட்டி முன்னறையில் உள்ளது, கரோட்டிட் தமனி பின்னோக்கித் தள்ளப்பட்டுள்ளது, பரோட்டிட் சுரப்பிக்கும் கட்டிக்கும் இடையிலான கொழுப்புப் படலம் பெரும்பாலும் தெரிகிறது, வெளிப்புற மேல்மூலையில் மட்டும் தெளிவாக இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். எந்த வழியாகப் போவது என்ற கேள்விக்கான விடையில் பெரும்பங்கு இந்த வரியில் இருக்கிறது.

தமனி பின்னோக்கித் தள்ளப்பட்டிருப்பது நல்ல செய்தி. கட்டி முன்னறையில் பிறந்து வளர்ந்ததால், தமனியும் குரல் நரம்பைத் தாங்கிச் செல்லும் வேகஸ் நரம்பும் அதன் பின்னால் ஒதுங்கியிருக்கின்றன. தமனி முன்னோக்கித் தள்ளப்பட்டிருந்தால் பின்னறையில் உள்ள நரம்பிலிருந்து கட்டி கிளம்பியிருக்கிறது என்றோ, அது பாராகாங்கிலியோமா என்ற இரத்தநாளம் மிகுந்த கட்டி என்றோ சந்தேகிப்போம். அப்போது நான் எழுதும் கடிதமே வேறாக இருந்திருக்கும். நரம்பிலிருந்து வளரும் கட்டியை எடுத்தால் அந்த நரம்பின் வேலை குன்றலாம். பாராகாங்கிலியோமாவுக்கு அறுவைக்கு ஓரிரு நாள் முன்பாக இரத்தநாளங்களை உள்ளிருந்தே அடைக்க வேண்டியிருக்கும். வயதானவர்களுக்கு அறுவையே இல்லாமல் கண்காணிப்போடு விடுவதும் கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. உங்கள் கணவருக்கு இந்தக் கவலைகள் இல்லை.

கொழுப்புப் படலம் பற்றிய சொற்கள் அவ்வளவு தெளிவானவை அல்ல. பிளியோமார்ஃபிக் அடினோமா உமிழ்நீர்ச் சுரப்பித் திசுவில் தோன்றும் கட்டி. படலம் முழுவதும் தெரிந்தால், கட்டி பரோட்டிட் சுரப்பியோடு தொடர்பில்லாமல் அந்த இடைவெளியில் உள்ள சிறு உமிழ்நீர்ச் சுரப்பித் திசுவில் தனியாகப் பிறந்தது என்று கொள்ளலாம். படலம் மறைந்திருந்தால், பரோட்டிட்டின் ஆழ்ந்த பகுதியில் பிறந்து, தாடை எலும்புக்கும் ஸ்டைலாய்டு எலும்புக்கும் நடுவே உள்ள குறுகிய சந்து வழியே உள்ளே புகுந்து வளர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட கட்டி உடுக்கை போல நடுவில் இடை சிறுத்து இருபுறமும் பருத்திருக்கும். அந்த இடையை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் இழுத்தால் அறுந்துவிடும். ஒரே ஒரு மூலை தெளிவில்லை என்பது பெரிய கட்டியின் அழுத்தத்தால் படலம் நசுங்கியதாகவும் இருக்கலாம், உண்மையான தொடர்பாகவும் இருக்கலாம். இதை அறிக்கையின் சொற்களை வைத்து முடிவு செய்யக் கூடாது. அறுவை செய்யப்போகிற மருத்துவர், கதிரியல் மருத்துவரோடு உட்கார்ந்து, படங்களை ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பிளியோமார்ஃபிக் அடினோமா புற்றுநோய் அல்ல. ஆயினும் அதன் உறை மெல்லியது. சில இடங்களில் கட்டியின் முனைகள் உறையைத் தாண்டியும் நீட்டிக்கொண்டிருக்கும். அறுவையின்போது உறை கிழிந்து உள்ளிருக்கும் பொருள் சிந்தினால், சிந்திய இடங்களிலெல்லாம் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டி மீண்டும் வளரக்கூடும். 10, 15 ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம். முதல் முறை எடுப்பதைவிட மீண்டும் வந்ததை எடுப்பது பல மடங்கு கடினம். எனவே இந்தக் கட்டியைப் பொறுத்தவரை அறுவையின் முதல் இலக்கு, உறை கிழியாமல் முழுதாக, தமனியும் நரம்புகளும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டே வெளியே எடுப்பதுதான். தழும்பும் மருத்துவமனையில் தங்கும் நாட்களும் அதற்குப் பின்னர்தான். மூன்று வழிகளையும் நான் இந்த அளவுகோலை வைத்தே ஒப்பிடுகிறேன்.

கழுத்து வழி மிகப் பழகிய வழி. இந்த இடைவெளியில் வரும் தீங்கற்ற கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதுமானதும் அதுவே. தாடையின் கீழ்விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே, கழுத்தின் இயல்பான மடிப்பில் கீறுவோம். உதட்டோரத்தைக் கீழே இழுக்கும் நரம்பின் மெல்லிய கிளை தாடை விளிம்பை ஒட்டி ஓடுவதால்தான் இவ்வளவு தள்ளிக் கீறுகிறோம். கரோட்டிட் தமனியும் ஜுகுலர் சிரையும் கண்ணுக்குத் தெரியும்படி விடுவிக்கப்பட்டு, தேவைப்பட்டால் உடனே பிடித்துக் கட்டுப்படுத்தும் வகையில் சுற்றிலும் நாடா போட்டு வைக்கப்படும். பிறகு தாடைக்கு அடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியை முன்னே ஒதுக்கியோ அகற்றியோ, டைகாஸ்ட்ரிக் என்ற கழுத்துத் தசையை விலக்கியோ, ஸ்டைலாய்டு எலும்பையும் தாடையையும் இணைக்கும் தசைநாரை வெட்டியோ உள்ளே போகிறோம். அந்தத் தசைநாரை வெட்டியதும் தாடை முன்னோக்கி இளகிக் கொடுக்கும். அதுவரை விரல் நுழையாத இடத்தில் விரல் நுழையும். அதன் பிறகு கருவிகளைவிட விரல் நுனிதான் அதிகம் வேலை செய்கிறது. வழுவழுப்பான உறையைத் தொட்டபடியே, எங்கே எளிதாக விலகுகிறது, எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று உணர்ந்து, கபாலத்தின் அடி வரை சுற்றி வந்து கட்டியை மெல்லக் கீழே இறக்குவோம். 5 செ.மீ. கட்டியும் பெரும்பாலும் இப்படியே வந்துவிடும்.

இந்த வழியின் குறை, மேற்பகுதியில் விரல் செல்லும் இடம் கண்ணுக்கு முழுதாகத் தெரியாது என்பது. இப்போது பல மருத்துவர்கள் அந்தக் கட்டத்தில் எண்டோஸ்கோப் என்ற குழாய்க் கேமராவைச் செலுத்தி மேற்பகுதியையும் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். அது நல்ல முன்னேற்றம் என்பது என் கருத்து. பக்கவிளைவுகளில், உதட்டோரம் சில வாரங்கள் சற்றே கோணலாக இருப்பது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். மற்றொன்றை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வேளை உணவிலும் முதல் கவளத்தை மெல்லும்போது காதுக்கு முன்னால் சுரீரென்று ஒரு வலி சிலருக்கு வரும். இரண்டாம், மூன்றாம் கவளத்தில் குறைந்துவிடும். பரோட்டிட் சுரப்பிக்குப் போகும் பரிவு நரம்பு இழைகள் அறுபடுவதால் இது வருகிறது. ஆபத்தானது அல்ல, ஆனால் முன்கூட்டித் தெரியாவிட்டால் கட்டி மீண்டும் வந்துவிட்டதோ என்று அஞ்சுவீர்கள். பலருக்குச் சில மாதங்களில் தணிகிறது. சிலருக்கு நீடிக்கிறது, அவர்களுக்கு மாத்திரைகளும் சுரப்பிக்குள் போடும் போட்டுலினம் ஊசியும் உதவுகின்றன.

கட்டி பரோட்டிட்டில் பிறந்தது என்று தெரிந்தால், அல்லது அறுவையின் நடுவே தெரியவந்தால், அதே கீறலைக் காதுக்கு முன்புறம் வரை நீட்டி, முக நரம்பைக் கண்டுபிடித்துப் பாதுகாத்து, உடுக்கையின் இரு பக்கங்களையும் இடையையும் சேர்த்தே எடுக்கலாம். தற்காலிகமான முக நரம்புத் தளர்ச்சிக்கு வாய்ப்பு சற்றுக் கூடும். சாப்பிடும்போது கன்னத்தில் வியர்ப்பதும் பின்னாளில் சிலருக்கு வரும். கழுத்து வழியாகத் தொடங்குவதன் பெரிய பலம் இதுதான்: உள்ளே போன பிறகு நிலைமை வேறாக இருந்தால் வழியை அங்கேயே விரிவுபடுத்திக்கொள்ளலாம்.

வாய் வழியாக எடுப்பது புதிய யோசனை அல்ல. பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்தார்கள். குறுகிய இடம், மங்கிய பார்வை, இரத்தம் பீறிட்டால் கட்டுப்படுத்த முடியாத நிலை, உறை கிழிதல் ஆகிய காரணங்களால் பெரும்பாலோர் கைவிட்டார்கள். ரோபோ வந்த பிறகுதான் அது மீண்டும் பேசப்படுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வைன்ஸ்டீன், ஓ’மாலி ஆகிய அறுவை மருத்துவர்கள் இம்முறையை வளர்த்தெடுத்தார்கள். 2009-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தொண்டையின் தொடக்க நிலைப் புற்றுக்கட்டிகளுக்கும் தீங்கற்ற கட்டிகளுக்கும் இதை அனுமதித்தது. டான்சில், நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றில் தோன்றும் சிறு புற்றுக்கட்டிகளுக்கு இது உண்மையிலேயே பெரிய வரம். முன்பு தாடையைப் பிளந்த இடத்தில் இன்று வாய் வழியாகவே வேலை முடிகிறது. ஆனால் அந்தக் கட்டிகள் தொண்டையின் உட்பரப்பில் இருப்பவை. உங்கள் கணவரின் கட்டி சுவருக்கு அப்பால் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

ரோபோ தரும் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெரிதாக்கிய முப்பரிமாணக் காட்சியும், மணிக்கட்டு போல் வளையும் நுண்ணிய கருவிகளும் கிடைக்கின்றன. அண்ணத்தின் ஓரத்தில் கீறி, தொண்டைத் தசையைப் பிரித்ததும் கட்டி எதிரிலேயே நிற்கும். கழுத்தில் தழும்பில்லை, உதட்டோர நரம்புக்கு ஆபத்தில்லை, முதல் கவள வலியும் குறைவு. தடைகளும் உண்டு. மருத்துவருக்குக் காட்சி கிடைக்கிறது, தொடு உணர்வு கிடைப்பதில்லை. மெல்லிய உறை எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதை விரல் சொல்வதுபோல் கருவி சொல்வதில்லை. ரோபோ மூலம் எடுத்த பிளியோமார்ஃபிக் அடினோமாக்களில் உறை கிழிந்தவையும் துண்டானவையும் கவலைப்பட வேண்டிய அளவில் இருந்ததாக இதுவரை வெளிவந்த ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. மீண்டும் வருமா என்பதைச் சொல்ல 10, 15 ஆண்டுக் கண்காணிப்பு தேவை, அந்த நீளத்துக்கு இன்னும் போதிய தரவு இல்லை. கரோட்டிட் தமனி கட்டிக்குப் பின்னால் இருப்பதால், வாய்ப் பக்கத்திலிருந்து போகும்போது அதை முன்கூட்டியே பிடித்துவைக்க வழியில்லை. தவிர, உமிழ்நீர் படும் இடத்தில் தைக்கிறோம். தையல் விட்டுப்போனால் கிருமி உள்ளே இறங்கும், சில நாட்களோ வாரங்களோ மூக்குக் குழாய் வழியாக உணவு தர நேரும்.

எனவே உட்பக்கமாகப் புடைத்து, மிதமான அளவில், எல்லாப் பக்கமும் கொழுப்புப் படலம் தெளிவாகச் சூழ்ந்து, தமனி நன்றாக விலகியிருக்கும் கட்டிக்கு, வாய் நன்கு திறக்கக்கூடியவருக்கு, இதில் நல்ல தேர்ச்சி பெற்ற குழு செய்யுமானால் ரோபோ நியாயமான தேர்வு. உங்கள் கணவருக்கு அளவும் அந்தத் தெளிவில்லாத மூலையும் இடிக்கின்றன. படங்களை மீண்டும் பார்த்து, மூலையிலும் படலம் இருக்கிறது என்று உறுதியானால் இந்தக் கணிப்பு மாறலாம். வாய் வழியாகத் தொடங்கி, தேவைப்பட்டால் கழுத்தையும் திறந்து இரு பக்கமிருந்தும் எடுக்கும் கூட்டுமுறையும் இருக்கிறது. அதற்கான ஒப்புதலை முன்பே வாங்கிக்கொள்ளும் மருத்துவர் பொறுப்பானவர்.

தாடையை அறுப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழுதட்டைப் பிளந்து, தாடை எலும்பை முன்பகுதியில் அறுத்து, கதவுபோல் விலக்கினால் இடைவெளி முழுவதும் கண்முன் விரியும். அதற்கு விலையாக, தொண்டையில் தற்காலிக மூச்சுத்துளை, உணவுக்குழாய், எலும்பைச் சேர்க்கும் தகடு, பல்வரிசை சற்று மாறும் அபாயம், முகத்தில் தழும்பு எல்லாம் வரும். புற்றுநோய், கபாலத்தின் அடியை அரித்த கட்டி, தமனியைச் சூழ்ந்துகொண்ட கட்டி, ஏற்கெனவே அறுவை செய்து மீண்டும் வந்த கட்டி ஆகியவற்றுக்குத்தான் இது பெரும்பாலும் தேவைப்படுகிறது. 5 செ.மீ. அளவுள்ள தீங்கற்ற முன்னறைக் கட்டிக்கு இதுவே முதல் திட்டம் என்றால் ஏற்றுக்கொள்வதற்கு முன் இன்னொரு கருத்தைக் கேளுங்கள். ஆனால் உங்கள் மூன்றாம் மருத்துவர் ‘தேவைப்பட்டால்’ என்றுதான் சொல்லியிருக்கிறார். மிக அரிதாக வரும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னவர் அவர். அதற்காக அவரை ஒதுக்கிவிடாதீர்கள்.

குரலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வகுப்பறையில் நாள் முழுவதும் பேசுபவருக்கு இது எவ்வளவு பெரிய கவலை என்பது எனக்குப் புரிகிறது. குரல் நாணை இயக்கும் நரம்பு வேகஸிலிருந்து வருகிறது. அது கட்டிக்குப் பின்னால் பின்னறையில் இருக்கிறது. எனவே நிரந்தரமாகக் குரல் போவதற்கு வாய்ப்புக் குறைவு. மயக்க மருந்துக்கான குழாயால் சில நாள் கரகரப்பு இருக்கும். அண்ணத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கட்டி போனதும், அடைபட்டதுபோல் ஒலிக்கும் பேச்சு தெளிவடைவதும் உண்டு. அறுவைக்கு முன்பே மெல்லிய குழாய்க் கேமராவால் குரல் நாண்களைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். கட்டி மூச்சுவழியை ஒரு பக்கம் தள்ளியிருப்பதால் மயக்க மருத்துவரும் முன்கூட்டியே அவரைப் பரிசோதிக்க வேண்டும். தூக்கத்தில் உரத்த குறட்டையோ மூச்சுத் திணறலோ இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தள்ளிப்போடலாமா என்றால், சில வாரங்கள் எடுத்துக்கொண்டு நன்றாக யோசித்து மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. இந்தக் கட்டி மெதுவாகத்தான் வளரும். சில ஆண்டுகள் என்பது கூடாது. அவருக்கு 46 வயது. கட்டி வளர வளர அறுவை கடினமாகும், நீண்ட காலம் விட்டுவைத்த பிளியோமார்ஃபிக் அடினோமாவில் ஒரு பகுதி புற்றுநோயாக மாறும் அபாயமும் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. ஊசிப் பரிசோதனை நம்பத்தக்கதே என்றாலும் கட்டியின் ஒரு துளியைத்தான் பார்க்கிறது. முழுக்கட்டியையும் ஆராய்ந்த பிறகு வரும் நோய்க்கூற்றியல் அறிக்கையே இறுதியானது. இடையில் வலி தோன்றினாலோ, வாய் திறப்பது குறைந்தாலோ, முகத்தில் ஒரு பக்கம் தளர்ந்தாலோ, நாக்கு ஒரு பக்கம் இழுத்தாலோ, கட்டி திடீரென வேகமாக வளர்ந்தாலோ காத்திருக்காதீர்கள். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வாய்க்குள் புடைப்பாகத் தெரிகிறதே என்று யாராவது அங்கே கத்தி வைத்துத் துண்டு எடுக்கவோ, சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறவோ முன்வந்தால் அனுமதிக்காதீர்கள். உறை அங்கேயே கிழிந்துவிடும்; சளிச்சவ்வு கட்டியோடு ஒட்டிப்போய் பின்னர் செய்யும் அறுவையும் கெடும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அச்சிட்ட அறிக்கையோடு ஸ்கேன் படங்கள் முழுவதையும் குறுந்தகட்டில் எடுத்துச் செல்லுங்கள். அந்த மேல்மூலையைத் திரையில் காட்டி, கட்டி பரோட்டிட்டிலிருந்து வந்ததா என்று அவர் நினைப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். இந்த இடைவெளியில் வரும் கட்டிகளை அவர் எத்தனை முறை எடுத்திருக்கிறார், எந்த வழியில், உறை கிழிந்தவை எத்தனை என்று தயங்காமல் கேளுங்கள்; இந்தக் கேள்விகளுக்கு நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தான் தேர்ந்த வழியில் முடியாமல்போனால் அடுத்து என்ன செய்வார் என்பதையும் கேளுங்கள். என்னிடம் கேட்டால், இப்போது இருக்கும் தகவலின்படி, எண்டோஸ்கோப் துணையோடு கழுத்து வழியாகத் தொடங்கி, தேவையானால் பரோட்டிட் வரை நீட்டிக்கொள்ளும் திட்டத்தையே நான் முன்வைப்பேன். அந்தத் திட்டத்தில் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்புவதும், கடினமில்லாத உணவை விரைவில் சாப்பிடத் தொடங்குவதும் வழக்கம்.

எந்த வழியில் எடுத்தாலும், கட்டி முழுதாக உறையோடு வந்ததா, எங்காவது கிழிந்ததா என்பதை அறுவைக் குறிப்பிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, நோய்க்கூற்றியல் அறிக்கையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்குள் மீண்டும் வளர்வது கண்ணுக்கும் கைக்கும் எட்டாது என்பதால், உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் பல ஆண்டுகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.